ஜூன் மாத முத்திரை

குவைத்தை விட்டுப் போக வேண்டும் என்று நான் பிடிக்காத அடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் அழுகையைப் படித்துவிட்டு யாரும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டக் கூடாது.

நான்கு வயதில் குவைத்தின் மங்காஃபுக்கு வந்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் என்னோடு படித்தவர்கள் இந்தியாவுக்குப் பறந்துவிட்டார்கள். குவைத் அரசுப் பல்கலைக்கழகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் குதிரைக்கொம்பு. ஹாஸ்டல் என்று சொன்னாலே அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. கடைசியில் என்னைப் பக்கத்து ஊரான ஃபாஹாஹீலில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே நடந்துகொண்டிருந்த இரண்டு வருடக் கல்லூரியில் சேர்த்தார்கள். அமெரிக்கப் பாடத்திட்டம். இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு மீதியை அமெரிக்காவில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. அப்படிப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பக்கத்து பெஞ்சில் டூட்டி முடித்துவிட்டு வந்த ஆபீஸ்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். லேப் என்பது ஒரு பீரோ. லீவுக்கு வரும் பழைய தோழிகள் தங்கள் கேம்பஸைப் பற்றி அளப்பார்கள். நீ எங்கே படிக்கிறாய் என்று கேட்டால் எனக்குக் குரல் உள்ளே போய்விடும். அந்த ரோஷத்தில்தான் படித்தேன். அமெரிக்காவில் லேசில் இடம் கொடுக்காத ஒரு மாநிலப் பல்கலைக்கழகமாகப் பார்த்து விண்ணப்பம் போட்டேன். நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று பதில் வந்தது. அப்பா அந்தக் கடிதத்தை ஆபீசில் பிரிண்ட் எடுத்து, மடிப்பு விழாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அப்பா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சேஃப்டி இன்ஸ்பெக்டர். தீயணைப்பு சிலிண்டரா, வேலை பர்மிட்டா, எதுவானாலும் தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. வீட்டில் தயிர் டப்பாவைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவார்.

"ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவை வந்து கால் வச்சுட்டுப் போயிடணும் பாப்பா. ஒரு நாள் தாண்டினாலும் இகாமா போயிடும்" என்றார்.

இகாமா என்றால் அந்த நாட்டில் குடியிருக்கும் அனுமதி. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது மனப்பாடம். வெளியே படிப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு நாளைக்காவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். நானும் டிசம்பர் விடுமுறைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

வகுப்புகள் ஆகஸ்ட் கடைசியில்தான். ஆனால் ஜூனிலிருந்து இரண்டு மாதம் அப்பாவுக்கு வருடாந்தர லீவு. கம்பெனியே குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும். கம்பெனி டிக்கெட்டை யாராவது விடுவார்களா? நாங்கள் சொந்த ஊரான திருச்சிக்குப் போய்விட்டு, அங்கிருந்து என்னை அனுப்புவதாக முடிவானது. ஜூன் மத்தியில் ஒரு மத்தியானம் வழக்கம்போல கேஸை மூடி, ஃபிரிட்ஜைக் காலிசெய்து, வீட்டைப் பூட்டினோம். பாதி படித்த புத்தகத்தைக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் அழவில்லை. வருடா வருடம் போகிற லீவுதானே. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அழுகையெல்லாம் ஆகஸ்டில், சென்னை விமான நிலையத்தில். அம்மா என் துப்பட்டா நுனியை விடவே இல்லை. நான் கிளம்பியது அன்றைக்குத்தான் என்று எங்கள் மூன்று பேர் மனதிலும் பதிந்துபோனது. அப்பா குவைத் திரும்பியதும் காலண்டரில் அந்த நாளிலிருந்தே எண்ணி, பிப்ரவரியில் சிவப்பு வட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

பல்கலைக்கழகம் நான் ஆசைப்பட்டது போலவே இருந்தது. அதுதான் கொடுமை. நூலகம் ஆறு மாடி. லேப் எல்லாம் நிஜ லேப். எனக்கோ மங்காஃப் வேண்டியிருந்தது. தாளில் சுற்றிக்கொண்டு வரும்போதே ஓரத்தைப் பிய்த்துத் தின்னும் சூடான குபூஸ் ரொட்டி வேண்டியிருந்தது. ஜன்னல் விளிம்பில் படிந்த மணலில் விரலால் பெயர் எழுதியதற்கு அம்மா திட்டுவதும், டூட்டி விட்டு வரும் அப்பாவின் சட்டையில் அடிக்கும் எண்ணெய் வாடையும்கூட. நீ எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இந்தியா என்பேன். கண்ணை மூடினால் வந்து நிற்பது அந்த நாலாவது மாடி வீடு. நவம்பரில் நாலு நாள் விடுமுறை வந்தது. டிசம்பரில்தான் போகப்போகிறோமே என்று அறையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

டிசம்பரில் பரீட்சை முடிய இரண்டு நாள் இருந்தபோது அப்பா கூப்பிட்டார். கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் மந்தூபிடம், மகள் வருகிறாள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

"பாப்பா, நீ குவைத்தை விட்டுக் கிளம்பினது என்னைக்கு?"

"ஆகஸ்ட்லப்பா."

"அது இந்தியாவை விட்டு. குவைத்தை விட்டு?"

மேஜை டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். ஜூன் மாத முத்திரை. ஆறு மாதம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"அவன் சிஸ்டத்துல பாத்துட்டு மாஃபிங்கறான்" என்றார். இல்லை என்று அர்த்தம்.

"உங்க வேலையே தேதி பாக்கறதுதானப்பா" என்று கத்தினேன்.

"ஆமா பாப்பா" என்றார் அப்பா. பாஸ்போர்ட் ஆறு மாதமும் என் கையில்தான் இருந்தது. அதை அவர் சொல்லிக்காட்டவே இல்லை. நான் கத்திய அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்க முடிந்தால், அமெரிக்காவில் வாங்கிய பட்டத்தையே கொடுத்துவிடுவேன்.

விசிட் விசாவில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். என் வீட்டுக்கு நான் விருந்தாளியாகவா என்று முறுக்கிக்கொண்டேன். கோடையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கோடைக்கு முன்பே அப்பாவின் புராஜெக்ட் கலாஸ், வேலை முடிந்துபோனது. ஜூன் முடிவுக்குள் வீட்டைக் காலிசெய்துகொண்டு திருச்சிக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

கடைசி நாள், நிமிடக் கணக்கில் காசு கரையும் காலிங் கார்டு போட்டுக் கூப்பிட்டேன். அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்டில்ல குப்புறக் கெடக்கே ஒரு புஸ்தகம், அதை எடுத்து வைக்கவா?" என்றாள்.

"அது இன்னுமா அங்க கெடக்கு?"

"நீ வந்து எடுப்பேன்னு விட்டு வச்சேன். சுத்தியும் தொடச்சுட்டுப் போவேன்."

"அம்மா, ஜன்னலைத் தொறந்து ஃபோனை வெளிய நீட்டேன்" என்றேன்.

பைத்தியமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் வந்தது. பிறகு கட்டடம் முழுக்க ஓடும் ஏசிகளின் இரைச்சல், கீழே ஒரு கார் ஹாரன், மறுபடியும் ஏசி இரைச்சல். ஜூன் மாதத்தில் மங்காஃபில் வேறென்ன கேட்கும்?

"போதும்மா. கை வலிக்கும். வெயில் வேற" என்றேன்.

வெளியே நீட்டியிருந்த ஃபோனில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. கார்டு தீரும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.