வேண்டாவின் செவ்வாய்க்கிழமைகள்

வேண்டா பிறந்தபோது வீட்டில் ஏற்கெனவே மூன்று பெண்கள். இனிமேல் பெண் வேண்டாம் என்பதற்காக வைத்த பெயர் அது. சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்தில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை; அங்கே இன்னும் சில வேண்டாக்கள் இருந்தார்கள்.

இருசப்பனைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். ஓர் ஐப்பசியில் வலை போடப் போனவன் திரும்பவில்லை. கவிழ்ந்த படகை மட்டும் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் இழுத்து வந்து போட்டார்கள். மகள் எழில் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். கடல் பக்கமே போகப் பிடிக்காமல், மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள் வேண்டா. துவைப்பதென்னவோ மெஷின்தான். ஈரப் படுக்கை விரிப்புகளைச் சுமந்து போய் உலர்த்துவதும், காய்ந்ததும் மடித்து அடுக்குவதும் அவள் பாடு.

அந்த ரிசார்ட்டின் சமையலறைக்குக் காய்கறி கொண்டுவந்தவர் படாளத்து ராமதாஸ். சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தார். மதுராந்தகம் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரியும் வெண்டையும் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். ஒருநாள் எழிலுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தவளை அவர்தான் வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை கண்ணைத் திறந்து பன் கேட்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. அதற்கப்புறம் லோடு இறக்கியதும் அந்த வண்டி சதுரங்கப்பட்டினம் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

குப்பம் கொஞ்ச நாள் பேசியது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. ராமதாஸ் குடிக்க மாட்டார். கை ஓங்கியதில்லை. கூரை ஒழுகினால் அவரே ஏறித் தார்ப்பாய் கட்டுவார். எழில் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் இருசப்பன் என்று எழுதுவாள்; வீட்டுக்கு வந்தால் "நைனா" என்று ராமதாஸின் முதுகில் ஏறிக்கொள்வாள். படாளத்தில் அவருக்கு யோகேஸ்வரி என்று மனைவி இருப்பதும், இரண்டு பையன்கள் இருப்பதும் வேண்டாவுக்குத் தெரியும். அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அப்படியே வருஷங்கள் ஓடி, எழில் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சலவைப் பகுதிக்குப் பாப்பா வேலைக்கு வந்தாள். வேலை செய்துகொண்டே வாய்க்குள் ஏதாவது ஜெபித்துக்கொண்டிருப்பாள்.

"ஞாயித்துக்கெழம சும்மா வந்து குந்துக்கா," என்றாள் ஒருநாள். "யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ."

கல்பாக்கம் போகிற வழியில் தகரக் கூரை போட்ட சின்ன சபை அது. மோசஸ் பாஸ்டர் வாரநாட்களில் படகு என்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் அவர் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அங்கே எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள், ஒருவர் அழுவதை இன்னொருவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் வேண்டாவை முதலில் பிடித்து நிறுத்தியது. இருசப்பன் போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுததில்லை. மறு வாரமும் போனாள். போகப்போக, துணி மடிக்கிற நேரத்தில் பக்கத்து ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போல இயேசுவிடம் பேசப் பழகிவிட்டாள். எழிலின் படிப்பு, முழங்கால் வலி, சூப்பர்வைசரின் கடுகடுப்பு எல்லாவற்றையும் சொல்வாள். ராமதாஸைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோசஸ் பேசும்போது சொன்னார்: "பாவம்னா அசிங்கமா இருக்கும்னு நெனச்சிகினு கீறீங்க. அசிங்கமா இருந்தா எவன் தொடுவான்? நல்லாத்தான் இருக்கும். அன்பாக்கூட இருக்கும். ஆனா இன்னொருத்தர் தட்டுலேர்ந்து எடுத்த சோறு அது. பசி ஆறும். எடுத்தது எடுத்ததுதான்."

அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வேண்டாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வுட்டுடுன்றீங்களா ஐயா?"

"நான் சொல்லி நீ வுட்டா, என் மேல கோவம் வர்ற அன்னிக்கி மறுபடியும் புடிச்சிக்குவ. நீயே அவருகிட்ட கேளும்மா."

அவர் என்று மோசஸ் சொன்னது ராமதாஸை அல்ல. வேண்டா கேட்டாள். பல நாள் கேட்டாள். பதில் அவளுக்கு முன்பே தெரியும். வேறு பதில் ஏதாவது வராதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ராமதாஸ் சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்தாள்.

"இனிமே வராத மாமா."

துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா ஆச்சி?"

"ஞானஸ்நானம் எடுக்கப் போறேன். இப்டி இருந்துகினு எடுக்க முடியாது."

"நான் உனக்கு இன்னா கொறை வெச்சேன்?"

"எனக்கு வெக்கல. அந்தம்மாக்கு வெச்சோம். நீ இங்க சாப்புட்டு எந்திரிக்கற. அங்க ஒருத்தி ஆக்கி வெச்சிகினு குந்திகினு கீறா."

"நானும் உன் சபைக்கி வரேன். நானும் முழுக்கு எடுத்துக்கறேன். அப்ப சரியாப் பூடும்ல?"

"எடுத்துக்க. அந்தம்மாவோட போயி எடுத்துக்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். காலடியில் இருந்த செருப்பே அவர் கண்ணில் படவில்லை. வேண்டாதான் எடுத்துத் திருப்பி வைத்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எழில் விஷயம் தெரிந்ததும் பையை மூலையில் எறிந்தாள். "உன் சாமிக்கி உன் பாவம் போவணும், அதுக்கு என் நைனா போவணுமா? என்ன ஒரு வார்த்த கேட்டியாமா நீ?" என்றாள். அதன் பிறகு வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு குறைந்துபோயிற்று.

ஞானஸ்நானம் கடலில்தான். இருசப்பனை வாங்கிக்கொண்ட கடலில் வேண்டா கால் வைத்து எத்தனையோ வருஷமாயிற்று. மோசஸ் அவளை முக்கி எடுத்தபோது உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமினாள். கரையில் பாப்பா புதுப் புடவையோடு நின்றிருந்தாள். எழில் வரவில்லை.

மனசு லேசாகிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லேசாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை வந்ததும் ரிசார்ட்டின் பின்பக்கத்தில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது. வேண்டா மெஷினுக்குப் பக்கத்தில் போய், அதன் இரைச்சலில் வேறு எதுவும் கேட்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். மறு செவ்வாயும் அப்படித்தான். பாவத்தை வெறுக்க வேண்டும் என்று சபையில் சொன்னார்கள். அவளால் ராமதாஸை வெறுக்க முடியவில்லை. "வெறுக்க வெய்யி ஆண்டவரே" என்று கேட்டுப் பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை.

மறு வருஷம் கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து, ரிசார்ட்டை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானம் கொட்டுகிற மழையில் ராமதாஸ் தார்ப்பாயோடு வந்து நின்றார். எழில் அப்போது செங்கல்பட்டில் நர்சிங் படிப்பில் சேர்ந்து விடுதியில் இருந்தாள். அவர் கூரையில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. வேண்டா துண்டை நீட்டினாள். நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் சபைக்குப் போகவில்லை. பாப்பா கேட்டபோது, "முழுகி எந்திரிச்ச ஒடம்பு பாப்பா. அதக் கொண்டுபோயி மறுபடியும்..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். ஒருநாள் மோசஸே வேலை பார்த்த கையோடு வாசலில் வந்து நின்றார்.

"படகுல என்ஜின் நின்னு போச்சின்னா இன்னாம்மா பண்ணுவாங்க?" என்றார். "கயித்தப் புடிச்சி இழுப்பாங்க. புடிக்காது. திருப்பி இழுப்பாங்க. நடுக்கடல்ல எவனும் கயித்த வுட்டுட்டு சும்மா குந்த மாட்டான்."

வேண்டா திரும்பவும் சபைக்குப் போனாள். ஆனால் தன் பலம் இவ்வளவுதான் என்று அவள் பார்த்துவிட்டாள். அவர் இன்னொரு தடவை வந்து நின்றால் கதவைச் சாத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இனி அந்த வழியே இல்லாமல் அடைத்துவிட வேண்டும். அதற்கு யோகேஸ்வரியிடமே போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்தாள்.

"அது உனக்காவா, அவங்களுக்காவா? நல்லா யோசிச்சிக்கோம்மா," என்றார் மோசஸ். அவள் அதை யோசிக்கவில்லை.

படாளத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரு பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு. வேண்டா தன் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லி, "என்ன மன்னிச்சிடுங்கக்கா, இனிமே அவரு பக்கம் வர மாட்டேன்" என்றாள்.

யோகேஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கான்னு கூப்புடாத. எனக்கு எப்பவோ தெரியும். செவ்வாக்கெழம போட்டுகினு போற சட்டைய நான்தான தொவைக்கறேன்? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். பசங்களுக்குத் தெரியாம பாத்துக்கினேன். அத வெச்சித்தான் இந்தக் குடும்பத்த ஓட்டிகினு வந்தேன். இன்னிக்கி பட்டப்பகல்ல வாசல்ல வந்து நின்னு அதையும் ஒடைச்சிட்ட."

அப்போதுதான் வேண்டா கதவுக்குப் பின்னால் பார்த்தாள். வளர்ந்த பையன் ஒருவன் அசையாமல் நின்றிருந்தான்.

"உனக்கு மனசு லேசாப் பூடும்," என்றாள் யோகேஸ்வரி. "நான் இந்த வூட்லதான இருக்கணும்? போ."

திரும்புகிற பஸ்ஸில் வேண்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆண்டவர் தன்னை மன்னித்திருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாவத்தை விடுவது ஒன்று, அது இன்னொருத்தியின் வீட்டுக்குள் செய்து வைத்திருப்பது வேறொன்று என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. அங்கே சரிசெய்யப் போகிறேன் என்று போய் இன்னும் கெடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ரிசார்ட்டுக்கு வேறு ஒருவர் காய்கறி கொண்டுவர ஆரம்பித்தார். ராமதாஸின் பையன்கள் அப்பாவோடு பேசுவதில்லை என்று அவர் மூலமாகத் தெரிந்தது. வேண்டா தினமும் ஜெபத்தில் முதலில் யோகேஸ்வரியின் பெயரைச் சொன்னாள். சொல்வதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. படாளம் பக்கம் மறுபடி போகவுமில்லை, யாரிடமும் விசாரிக்கவுமில்லை. செவ்வாய்க்கிழமைகள் மெல்ல மெல்ல மற்ற நாட்களைப் போல ஆகின; முழுக்க ஆகவில்லை.

பயிற்சிக்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த எழில் ஒருநாள் போன் செய்தாள்.

"மா, நைனா இங்க கீறாரு. வாதம் அடிச்சி வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சி. பேச வரல. நீ ஒடனே வா."

வேண்டா மெயின் ரோடு வரை ஓடிவந்துவிட்டாள். செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறும்மா" என்றார். அவள் கம்பியைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். பஸ் போயிற்று. அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"நீ பாரு எழிலு. பொண்ணா நின்னு நல்லாப் பாரு. நான் வந்தா அந்தம்மா அவரு பக்கத்துலேர்ந்து எந்திரிச்சிப் போவணும்."

"உன் சாமி இவ்ளோ கல்லாமா?"

"சாமி இல்லடி. நான்தான் அந்தம்மாவ இத்தினி வருசமா எந்திரிக்க வெச்சிட்டேன். இப்பயாச்சும் அவரு பக்கத்துல குந்தட்டும்."

எழில் போனை வைத்துவிட்டாள். ஆனால் பார்த்துக்கொண்டாள். பயிற்சி முடிந்ததும் அவர் கட்டிலுக்குப் போவாள், கால் பிடித்துவிடுவாள், கஞ்சியை ஸ்பூனால் புகட்டுவாள். முதல் நாள் யோகேஸ்வரி அவளை யாரென்று கேட்டாள். எழில் மறைக்கவில்லை. யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போ என்று சொல்லவில்லை.

ராமதாஸ் இறந்த சேதி வந்தபோது வேண்டா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு மறுபடி மடித்தாள். நுனிகள் சேரவில்லை. மறுபடியும் மடித்தாள். பாப்பா வந்து அவள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். எந்த உரிமையில் அழுவது என்று வேண்டாவுக்குத் தெரியவில்லை. அவள் படாளம் போகவில்லை. சபையின் தகரக் கூரைக்குக் கீழே வெறும் தரையில் போய் உட்கார்ந்தாள். வெளியே ரிப்பேர் வேலையில் இருந்த மோசஸ் அவளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். அவள் எழுந்து போகும்வரை திரும்ப எடுக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எழில் வீட்டுக்கு வந்தாள். சோறு போட்டுச் சாப்பிட்ட பிறகு சொன்னாள்.

"அந்தம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. 'கடைசியா அவரு கை என் கையிலதான் இருந்திச்சி, உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னாங்க. குத்திக் காட்றாங்களா இன்னான்னு தெரியலமா."

வேண்டா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"குத்தட்டும். கை அங்கதான இருக்கணும்," என்றாள். "ஆண்டவருகிட்ட நான் கேட்டுகினு இருந்ததே அதான்."

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கியிருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. எழில் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அம்மாவின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.