ஃபோனுக்குத் தெரியாத மெட்டு

ஷூவின் மேல்தோலில் ஒரே ஒரு தையல் தாண்டியிருந்தாலும் மூன்றடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. என் கண்ணுக்கு அங்கே நல்ல மரியாதை. என் காது எந்த மரியாதைக்கும் உரியது இல்லை என்பது போன மாதம் ஒரு புதன்கிழமைதான் தெரிந்தது.

காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் ஃபோன் செய்தாள்; ஸ்பீக்கரில் போட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பழைய படங்களையெல்லாம் கோத்து ஒரு வீடியோ செய்கிறாளாம்.

"உங்க ரெண்டு பேருக்கும்னு ஒரு பாட்டு இருக்கும்ல? அத சொல்லுங்க. பின்னாடி போடணும்."

நான் தொண்டையைச் செருமி, கௌரவமான ஒரு சினிமாப் பாட்டைச் சொல்லத் தயாரானேன். அதற்குள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, தலையைக்கூட நிமிர்த்தாமல் முணுமுணுத்தாள். "டி டி டீ... டிடி டீ... டீ டீ டிடி டீ..."

"அதான் எங்க பாட்டு. உங்கப்பாவ கேளு, அவருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு மெட்டை ஜென்மத்தில் கேட்ட ஞாபகம் இல்லை.

"இன்னா பாட்டுப்பா அது?"

யோக்கியமான மனிதன் இந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருப்பான். நான் சொன்னேன்: "தெரியாம இன்னா? அதுல பாடுனதே நான்தான்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம நீயே பாடு. வீடியோவுல சேத்துக்கலாம்," என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

கல்யாண நாளையே மறந்தாலும் மன்னிப்பு உண்டு. ஒரு கேக்கும் ஒரு புடவையும் வாங்கிச் சமாளித்துவிடலாம். ஒருத்தி இருபத்தைந்து வருஷமாக 'எங்க பாட்டு' என்று மனசுக்குள் வைத்திருந்ததை மறந்துவிட்டு, அதைப் பாடியது நான்தான் என்று பீற்றியவனுக்கு எந்தக் கடையில் என்ன கிடைக்கும்? கையில் நான்கு நாள் இருந்தது.

எங்கேயோ ஓடுகிற பாட்டை ஃபோனிடம் காட்டினால் அது பேரைச் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். கம்பெனி வாசலில் டீக்கடைப் பாட்டுக்கெல்லாம் அப்படிக் காட்டிப் பெருமை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று சாயந்திரமே சமையல் மேடையில் ஃபோனை வைத்து, அதன் மேல் பேப்பரைப் பரப்பி, படிக்கிற மாதிரி நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சமையலறையில் நின்று பேப்பர் படித்தது அதுதான் முதல் தடவை. அவள் மிக்சியில் தேங்காயை அரைத்தபடி முணுமுணுத்தாள். ஃபோன் பேப்பருக்கு அடியில் மினுக்கிக்கொண்டே கேட்டது. கடைசியில் மிகுந்த நம்பிக்கையோடு ஒரு பேரைச் சொன்னது. பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய சீரியலின் முகப்புப் பாட்டு. அதைக் கண்டுபிடிக்க ஃபோன் வேண்டாம், எங்கள் தெரு நாய்க்கே தெரியும்.

மறுநாள் விசாரித்ததில், ஃபோனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு என்று தெரிந்தது. பாட்டே ஓட வேண்டாம். நாமே முணுமுணுத்தால் தேடித் தருமாம். அதற்கு அமைதியான இடம் வேண்டும். எங்கள் கம்பெனியில் அப்படி இருப்பது ஒரே இடம், லெதர் ஸ்டோர். சுற்றிலும் தோல் அடுக்கு அடுக்காகக் கிடக்கும். எவ்வளவு சத்தத்தைக் கொடுத்தாலும் குடித்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய், கருப்புத் தோலுக்கும் பிரவுன் தோலுக்கும் நடுவே நின்று, கண்ணை மூடி, "டி டி டீ" என்றேன்.

ஃபோன் யோசித்தது. மூன்று பாட்டுகளைக் காட்டியது. முதலாவது ஸ்பானிஷ், இரண்டாவது கொரியன், மூன்றாவது ஒரு பக்திப் பாடல். ஸ்பானிஷ் பாட்டுக்குப் பதினோரு சதவீதப் பொருத்தம் என்று போட்டிருந்தது. எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்தது; அதற்கே என் மாமனார் இழுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மூன்றையும் முழுசாகக் கேட்டேன். பயம் வந்தவன் என்னவெல்லாம் செய்வான் என்பதற்கு அளவில்லை. எப்போதாவது இவளுக்கு நான் ஸ்பானிஷில் பாடியிருப்பேனா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை புத்தி வேறு பக்கம் போனது. 'எங்க பாட்டு' என்றாளே, அந்த 'எங்க'வில் நான் இருக்கிறேனா? அவள் ஊரில் பாட்டுக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த ஒருவன் இருந்தான். கல்யாணத்துக்குக்கூட வந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். எதற்கு இரண்டு தடவை? இருபத்தைந்து வருஷம் கழித்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அந்த இரண்டாவது டம்ளரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை மறுபடியும் லெதர் ஸ்டோர். நான் கண்ணை மூடி இருபதாவது தடவையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. ஸ்டிட்சிங் ஹால் சூப்பர்வைசர் அம்மா. லைனிங் தோல் எடுக்க வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி இதே கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மெஷினில் இருந்தவர்.

"இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லமா. ஒரு பாட்டு."

"பாட்டா? நம்ம பழைய பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கச்சொல்ல கத்துமே, அதானே இது? அத எதுக்கு ஃபோனுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க?"

நான் பிரவுன் தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எங்களை ஏற்றிவர ஒரு கம்பெனி பஸ் இருந்தது. நான் முன்னாடியே ஏறிவிடுவேன். என் மனைவியின் ஊரில் ரோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் சாக்கடை. பஸ் பின்னால் போய்த்தான் திரும்ப வேண்டும். பின்னால் போகும்போது அது ஒரு மெட்டைக் கத்தும். எந்தப் படத்திலும் வராத, எவனோ ஒரு சின்ன டப்பாவுக்குள் அடைத்து விற்ற மெட்டு. அது ஃபோனுக்கு எப்படித் தெரியும்?

பஸ் திரும்பும்போது கீழே குதித்து, பின்பக்கத் தகரத்தைத் தட்டி வழி சொல்லுகிற உத்தியோகத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த ஊரில் ஏறி, கடைசி ஜன்னலில் உட்கார்கிற ஒரு பெண்ணுக்காக நானே எடுத்துக்கொண்டது. அந்த ஸ்பீக்கர் என் காதிலிருந்து ஒரு முழத்தில் இருந்தது. அப்படியும் எனக்குக் கேட்டதெல்லாம் என் குரல் மட்டும்தான்.

"நீங்க கம்மியாவா கத்துவீங்க? ஊரே எழுந்து ஒக்காரும்," என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"ச்சே, நான் போயி சொல்லுவனா?" என்றார். அவர் சொன்ன தோரணையிலேயே, ஷிஃப்ட் முடிவதற்குள் ஸ்டிட்சிங் ஹால் முழுக்கத் தெரிந்துவிடும் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாடுப்பா," என்றாள்.

மனைவியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். பின்னால் போய் நின்றேன். "நீ மெட்ட போடு," என்றேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். நான் நாற்காலி முதுகைத் தட்டினேன். "வா... வா... வா... இன்னும் வா... லெஃப்ட்ல ஒடி... வா... ஓல்டான்."

மகள் ஃபோனைத் தாழ்த்தினாள். "இதுவா பாட்டு?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதும் என்னைக் கேட்டாள். "யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஞாபகம் இருந்துது."

"மிக்சிகிட்ட நின்னு போன வாரத்து பேப்பர படிச்சிங்களே, அன்னிக்கும் ஞாபகம் இருந்துதா? ஃபோனுக்கு நல்லா கேக்கட்டும்னு நான் மிக்சிய நிறுத்தி நிறுத்தி இல்ல பாடினேன்."

இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. "சரி, ஒத்துக்கறேன். எனக்கு அந்த மெட்டு காதுல விழுந்ததே இல்ல. நான் கத்துனதுதான் எனக்குக் கேட்டுது."

"எனக்கும்தான்," என்றாள்.

நானும் மகளும் அவளைப் பார்த்தோம்.

"உங்களுக்கு மஞ்சக்காமால வந்துதே. மொத நாளு நீங்க வரல. பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்குது, தட்டுறதுக்கு ஆள் இல்ல, கத்துறதுக்கு ஆள் இல்ல. அன்னிக்குத்தான் அந்த வண்டில பாட்டு இருக்குதுன்னே எனக்குத் தெரிஞ்சுது." ஒரு பிரியாணிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் தெனமும் அதான். ஒரே பேஜாரா இருந்துது."

பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதில் முட்டை வைக்கவில்லை என்று தெரிந்தும், ரொம்ப நேரம் முட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அப்புறம் இன்னா? ரெண்டாவது நாளு ட்ரைவரு வண்டிய தொட்டில கொண்டுபோய் இடிச்சாரு. அந்தளவுக்கு உங்கப்பா வேல செஞ்சிட்டுதான் இருந்தாரு."

வீடியோவில் வேறு எந்தப் பாட்டும் சேர்க்கவில்லை. கல்யாணப் படங்கள், ஆஸ்பத்திரியில் மகள் பிறந்த படம், வீடு கட்டிய படம் எல்லாவற்றுக்கும் பின்னால் மனைவியின் டி டி டீயும் என்னுடைய வா வாவும்தான். மகள் அதையும் ஒரு தடவை ஃபோனிடம் காட்டிப் பார்த்தாள். கிடைக்கவில்லை என்றது. மனைவி மட்டும் தினமும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிறுத்துவாள்.

"மூணாவது வா லேட்டு. வண்டி இந்நேரம் சாக்கடைல எறங்கியிருக்கும்."