தூளிக்குக் கீழே ஜிம்மி

எங்கள் ஜிம்மிக்குத் தங்கச்சிப் பாப்பா பிறந்தபோது எனக்கு எட்டு வயது. தங்கச்சி எனக்குத்தான். ஆனால் அந்த மாதங்களில் என் கவலையெல்லாம் ஜிம்மியைப் பற்றியே இருந்ததால் எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது.

அம்மா பிரசவத்துக்காகக் கீழ்பென்னாத்தூரில் தாய்வீட்டில் இருந்தாள். திருவண்ணாமலையில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா, சமைத்துப் போட வந்த அப்பாவின் அக்கா, நான், ஜிம்மி. ஜிம்மி செவலை நிற நாட்டு நாய். எனக்கு மூன்று வயது நடந்தபோது, குட்டியாக இருந்த அதை அப்பாதான் ஒரு மழைநாளில் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விட்டார். அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள், பஞ்சை நனைத்துக் குட்டிக்குப் பால் புகட்டுவதற்காக எழுந்து உட்கார்ந்தாள். நான் விளையாடத்தான் அப்பா நாய்க்குட்டி கொண்டுவந்தார் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அத்தைக்கு நாயைக் கண்டாலே ஆகாது. நாய் முடி பச்சைக் குழந்தையின் வாயில் போனால் என்னென்ன வரும் என்று சோறு போடும்போதெல்லாம் எடுத்துச் சொல்வாள். கேட்டுக் கேட்டு ஒருநாள் அப்பா சாப்பிட்ட கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பாப்பாவப் பாத்து ஒருவாட்டி உறுமட்டும். அடி அண்ணாமலைக்கு அந்தாண்ட கொண்டும்போய் விட்டுட்டு வந்துட்றேன்."

அப்பா சொன்னால் செய்கிறவர். எலி பிடிக்காத பூனை ஒன்றைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு போய் அவர் மலைக்குப் பின்னால் அந்த ஊர்ப்பக்கம் விட்டுவந்தது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜிம்மி தபால்காரரைப் பார்த்து உறுமினாலும் அதன் வாயைப் பொத்தினேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேர்க்கடலை மூட்டையோடு வந்தபோது பாப்பாவின் துணி ஒன்று வேண்டும், அதுவும் துவைக்காத துணியாக வேண்டும் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தவர், மறுமுறை வரும்போது மறக்காமல் கொண்டுவந்தார். பழைய வேட்டியில் கிழித்த துண்டு. வசம்பும் சாம்பிராணியும் புளித்த பாலும் கலந்த வாசனை. அதை என் பிளாஸ்டிக் பொம்மைக்குச் சுற்றி ஜிம்மிக்குக் காட்டினேன். அது பொம்மையைக் கவ்விக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி, ஒரு காலைக் கடித்துத் துப்பியது.

கவ்வித் தூக்க முடியாத பாப்பாவாக இருக்க வேண்டும் என்று யோசித்து, அம்மிக் குழவியை எடுத்தேன். கனமும் சரி, நீளமும் சரி, பாப்பாவுக்குப் பொருத்தமாக இருந்தது. எத்தனை கழுவியும் மிளகாய் நெடி போகாமல் ஜிம்மி முதல் நாள் தும்மியே தீர்த்தது. துணி சுற்றிய குழவியைப் பழைய புடவைத் தூளியில் போட்டு ஆட்டுவேன். தூளிக்குக் கீழே ஜிம்மி சும்மா படுத்திருந்தால் டீக்கடைப் பொறை பிஸ்கட் ஒன்று. குழவிக்கு அழத் தெரியாதே என்ற கவலை வந்ததும் நானே படுத்துக்கொண்டு பாப்பா மாதிரி வீறிட்டு அழுது பார்த்தேன். ஜிம்மி அசையவில்லை. அத்தைதான் கரண்டியோடு ஓடிவந்தாள்.

பாப்பாவை அழைத்துவந்த அன்று காலையிலிருந்தே நான் ஜிம்மியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். அப்பா ஜிம்மியின் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். குழந்தையைத் தூளியில் விடுவதற்கு முன் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, துணி சுற்றி, அதைப் போட்டு ஆட்டுவார்கள். குழந்தைக்குக் கல்லைப் போல ஆயுசு இருக்க வேண்டும் என்பதற்காக. அத்தை குழவியைத் தூளியில் போட்டாளோ இல்லையோ, ஜிம்மி சங்கிலியை இழுத்துக்கொண்டு போய் நேராகத் தூளிக்குக் கீழே படுத்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அடேங்கப்பா, காவலுக்கு வந்துட்டாரு" என்று அத்தையே சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு பாப்பாவைப் போடுவதற்காக அத்தை குனிந்து குழவியை வெளியே எடுத்தாள். ஜிம்மி எழுந்து, பல் தெரிய உறுமியது. அப்படி ஓர் உறுமலை நான் அதனிடம் கேட்டதே இல்லை. அத்தை குழவியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அவ்ளோதான்" என்றார் அப்பா. "சாயங்காலமே கொண்டும்போய் விட்டுட்றேன்."

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். துணி, குழவி, பொறை, ஒன்று விடாமல். அம்மா கேட்டுக்கொண்டே பாப்பாவை மாமாவின் கையில் கொடுத்தாள்.

"அது பாப்பாவப் பாத்து உறுமலைங்க" என்றாள் அப்பாவிடம். "தூளியிலேர்ந்து புள்ளையத் தூக்கினு போறாங்கன்னு உறுமுது."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தை குழவியை மெதுவாகத் தூளிக்குள்ளேயே திரும்ப வைத்தாள். அப்பா சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்து, கட்டிப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி ஜிம்மியை இழுத்தேன். அம்மா விடவில்லை.

எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்திருக்கிறான். நான் பிள்ளை பெற்று வந்த பிறகுதான் அத்தை அதைச் சொன்னாள். காய்ச்சலில், அதே தூளியில் போய்விட்டானாம். எடுத்துப்போக வந்தபோது அம்மா தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். விரல் விரலாகப் பிரித்து எடுத்தது அப்பாதானாம். அதற்கு அடுத்த மாதம் அந்த மழைநாளில் ஜிம்மி வந்தது.

பாப்பாவை அழைத்துவந்த அன்று, வாசலில் அப்பா தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஜிம்மி பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் பின்னாலேயே ஓடி, பொறை வாங்கக் காசு கேட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் முகத்தைத் திருப்பாமலே பைக்குள் கைவிட்டு, இருந்ததையெல்லாம் எடுத்து என் கையில் கொடுத்தார்.