கோயிலுக்குப் போடுகிற மாத்திரை

எங்கள் வீட்டில் மாதவிலக்கு நாட்களில் நான் விளக்கேற்றுவதில்லை. அதனால் என் தேதிகள் என்னைவிட மாமியாருக்கு நன்றாகத் தெரியும். போன ஆண்டு அவை குழம்பின. ஒரு மாதம் இரண்டு முறை வந்தது. அடுத்த மாதம் வரவே இல்லை. மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, வுடாம வெளக்கு ஏத்திகினே இருக்க? விசேஷமா?" சோறு வடித்தபடியே மாமியார் கேட்டார்.

"தெரியல அத்தை."

"தெரியலன்னா? புருஷனும் பொண்டாட்டியும் சேந்து மறைக்கிறீங்களா?"

இப்போதே இன்னொரு பிள்ளை என்றால் இவளுக்குப் பால் என்னாகும்? கடையில் வாங்கிய பரிசோதனை அட்டையில் ஒரே கோடுதான் விழுந்தது. அட்டை பழசாக இருக்குமோ என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். அதிலும் ஒரே கோடு. அப்படியானால் நோயா? தைராய்டா, கட்டியா? செல்போனில் தேடத் தேட எல்லா நோயும் எனக்கு இருப்பதாகவே பட்டது.

வில்லியனூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். நான் சொல்வதை நம்பாமல் மாமியாரும் கூடவே வந்தார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"பீரியட்ஸ் தள்ளிப்போட?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர்தான் பதில் சொன்னார்.

"அது கோயிலுக்குப் போடுறது டாக்டரம்மா. நாந்தான் மெடிக்கல்ல வாங்கியாந்தேன். தேருக்கு ஒருவாட்டி, கூழு ஊத்த ஒருவாட்டி, எம்பொண்ணு புள்ளைக்குக் காது குத்தறப்ப ஒருவாட்டி. அதப் போயி யாரு மருந்துன்னுவாங்க?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"சாமிக்கு வாங்குனாலும் ஒடம்புக்குள்ளதானம்மா போவுது" என்றார் மருத்துவர். அது ஒரு காரணமாக இருக்கலாம். பால் கொடுப்பதாலும் மாறும், தூக்கமில்லாமல் கவலைப்பட்டாலும் மாறும் என்றார். தைராய்டு பரிசோதனைக்கும் எழுதினார். அதில் குறை ஒன்றும் இல்லை. கேட்காமல் இனி அந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்றார். மாமியார் தலையாட்டினார்.

ஆனால் மாசி மகம் நெருங்கியபோது பிரிட்ஜ் மேல் புது மாத்திரை அட்டை இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகத்தன்று விடியற்காலையில் எனக்கு வந்துவிட்டது. சொன்னேன்.

"நெசமாவா? இல்ல, கடலுக்கு வர சோம்பலா?"

"நெசமாத்தான் அத்தை."

அவரே விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வந்ததும், காலில் ஒட்டிய மணலைக்கூடக் கழுவாமல், அந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்காமல்தான் இருந்தது.