ஏ போட்ட சமையல்

சகாயமேரியிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். வேணாம். தண்ணீர் கேட்டாலும் வேணாம், காற்றாடியைப் போடச் சொன்னாலும் வேணாம், பாத்ரூம் போகவேண்டும் என்றாலும் வேணாம். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் இழுத்துப் போட்ட அன்றைக்கே மற்ற சொல்லையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. முப்பது வருசம் வகுப்பில் நின்று பேசிய வாய்.

“அந்த ஒரு வார்த்தைதான் வாயில தங்கியிருக்கு சார். அவங்க வேணாம்னா வேணாம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. முகத்தப் பாத்துப் புரிஞ்சுக்கங்க” என்று டாக்டரம்மா தனிஸ்லாசிடம் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொன்னார். விழுங்குவதில் கோளாறு இல்லை, குழையப் பிசைந்து கொடுத்தால் இறங்கும். ஆனால் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. எடை நாற்பத்தொரு கிலோ. அடுத்த திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம்.

மற்றதையெல்லாம் தனிஸ்லாஸ் தாங்கிக்கொண்டார். மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார், துடைத்துவிட்டார், சேலைக்குப் பதில் நைட்டி மாட்டப் பழகினார். குழாய் என்ற பேச்சுதான் ஆகவில்லை. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் போட்டார்கள். போட்ட குழாயை அவரைச் சவப்பெட்டிக்குள் வைக்கும்போதுதான் எடுத்தார்கள்.

பழங்காநத்தத்தில் அவர்கள் வீடு இரண்டு அறையும் ஓர் அடுப்படியும். ஓர் அறையில் மனிதர்கள் இருந்தார்கள், மற்றதில் புத்தகங்கள். எல்லாம் சமையல் புத்தகம். வாரப் பத்திரிகையோடு இலவச இணைப்பாக வந்தவை, குக்கர் வாங்கியபோது பெட்டிக்குள் கிடந்தது, கோயில் மாதர் சங்கம் வெள்ளிவிழாவுக்கு அச்சடித்தது, சர்க்கரை நோயாளிக்கு, கைக்குழந்தைக்கு, தவக்காலத்துக்கு, அடுப்பே மூட்டாமல் சமைப்பதற்கு என்று தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போலக் காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, எண் எழுதி, இரும்பு அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருந்தாள் சகாயமேரி. கடைசி எண் அறுநூற்றுப் பன்னிரண்டு.

தனிஸ்லாஸ் லோடு ஆட்டோக்காரர். பேரையூரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கட்டிக்கொண்டபோது அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். டீச்சர் டிரெயினிங் படித்ததெல்லாம் கலியாணத்துக்குப் பிறகு. சனிக்கிழமைகளில் அவர் சிம்மக்கல்லில் வெங்காய மூடை இறக்கும் நேரம் அவள் டவுன் பஸ்ஸில் வந்து, பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியெடுத்து, கட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் ஏறுவாள்.

“ரசம் வைக்க எம்புட்டுப் புஸ்தகம் டீச்சரம்மா?”

“ரசத்துக்கு மட்டும் நாப்பத்தாறு வகை இருக்கு. ஒன்னயாச்சும் நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?”

“எனக்கு ஒரு ரசம் போதும்.”

ஒரு ரசம், ஒரு புளிக்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை கறி. அதற்கு மேல் எதுவும் அவர் தட்டில் விழுந்தால் விரலால் ஒதுக்குவார். “புஸ்தகத்துல இருந்து வந்ததா? அப்ப புஸ்தகத்தையே திங்கச் சொல்லு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போவார். அது ஒரு கேலி. அந்த வீட்டில் அப்படித்தான் ஓடியது, யாரும் அதைச் சண்டை என்று நினைத்ததில்லை.

இப்போது அவர் வைத்த ரசச் சோற்றுக்கு அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஐரினுக்குப் போன் போட்டார்.

“அம்மாவுக்குப் புடிச்சதா எதாச்சும் செஞ்சு குடுங்கப்பா.”

“என்ன புடிக்கும்?”

“நான் ஆறாப்புல இருந்து ஹாஸ்டல்ல கெடந்தவ. என்னயக் கேக்குறீங்க? அந்த ரூம்ல அம்புட்டுப் புஸ்தகம் இருக்குல்ல, அதுல எதாச்சும் எழுதி வச்சிருப்பாங்க. பாருங்க.”

எழுதித்தான் வைத்திருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் பள்ளிக்கூடத்து நீள ரிஜிஸ்டர் ஒன்று கிடந்தது. திறந்தால் முதல் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் தனிஸ்லாஸ் என்று இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதுகிற மாதிரி, வீட்டுக்காரன் பெயரை முதலில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தார். மனசுக்கு ஒருமாதிரி இதமாகக்கூட இருந்தது. கீழே வரிசையாகப் பண்டத்தின் பெயர், புத்தக எண், பக்கம், சமைத்த தேதி. கடைசிக் கட்டத்தில் ஒரு குறி. சிலதுக்குப் பெருக்கல் குறி. பெரும்பாலும் இங்கிலீசு எழுத்து ஏ.

அவருக்கு இங்கிலீசில் அவ்வளவு போதும். ஐரினின் ரேங்க் கார்டில் ஏ விழுந்தபோது அதைச் சட்டைப்பையில் வைத்துச் சிம்மக்கல் முழுவதும் காட்டியவர் அவர். பெருக்கல் குறியும் தெரியும். ஐந்து வருசம் அவர் நோட்டில் சிவப்பு மையில் விழுந்ததெல்லாம் அதுதான். ஆக, தேறியது ஏ, தேறாதது பெருக்கல். கருவாட்டுத் தொக்குக்குப் பெருக்கல் போட்டிருந்ததுதான் கொஞ்சம் இடித்தது. ‘அது நல்லாத்தான இருந்துச்சு, நாலு கரண்டி போட்டுத் தின்னமே?’ டீச்சர் பார்வையில் ஏதோ குறை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தார். பிசைந்து கொடுக்கத் தோதான பண்டமாகப் பார்த்து, ஏ போட்டதாகப் பார்த்து, எண்ணைச் சொல்லிக்கொண்டே போய்ப் புத்தகத்தை உருவினார். பூசணிக்காய்ப் பால்கறி, எண் இருநூற்றேழு, பக்கம் பதினொன்று. அந்தப் பக்கத்தில் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கைரேகையும் இருந்தன. ஆசையாகச் செய்திருக்கிறாள் என்று தோன்றியது. எழுத்துக்கூட்டி வாசித்தார். உப்பு ஒரு தே.க. என்ற இடத்தில் நின்றுவிட்டார். பக்கத்து மளிகைக்கடை அழகுபாண்டியிடம் புத்தகத்தை நீட்டினார்.

“மாப்ள, தே.க.ன்னா என்ன?”

“தேங்காயா இருக்கும்ணே.”

“உப்பு ஒரு தேங்காயா?”

“அப்ப அது இல்ல.” அழகுபாண்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தான். “தேக்கரண்டிண்ணே. டீக்குச் சீனி போடுற கரண்டி. என்ன, புதுசா கடை கிடை வைக்கப் போறீங்களா?”

“உங்க டீச்சருக்குத்தான்.”

அழகுபாண்டி அதற்குமேல் கேலி பண்ணவில்லை. பூசணிக்காயை நல்ல பத்தையாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தான்.

பால்கறியைச் சோற்றில் குழைத்துக் கொண்டுபோய் வைத்ததும் சகாயமேரி கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “வேணாம்” என்றாள்.

“சரி, சரி. வாயைத் திற.”

முதல் கரண்டி உள்ளே போனது. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. மூன்றாவதைப் பல்லைக் கடித்துத் தடுத்துவிட்டாள்.

புதன்கிழமை பாசிப்பருப்புக் கீரை மசியல். வியாழக்கிழமை தேங்காய்ப்பால் ஊற்றிய உருளைக்கிழங்கு ஸ்டூ. அதில் பால் திரிந்துபோய், இரண்டாம் தடவை தேங்காய் துருவினார். எல்லாம் ஏ போட்டவை. எதுவும் மூன்று கரண்டியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்து, ஏ எழுத்தின் மேல் விரலால் தட்டினார்.

“இந்தா பாரு. நான் போட்டதா? நீயே ஏ போட்டிருக்க. நீ ஏ போட்டதத்தான வேல மெனக்கெட்டு ஆக்கிக் கொண்டாரேன்? பெறகென்ன?”

சகாயமேரி இடது கையைத் தூக்கி அந்தப் பக்கத்தின் மேல் வைத்தாள். உள்ளங்கையால் எழுத்தை மூடினாள்.

“வேணாம்.”

“அந்த வேணாம் எனக்குத் தெரியும்” என்றார் தனிஸ்லாஸ். கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி, அடுத்த ஏ-யைத் தேடினார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெர்சி டீச்சர் பார்க்க வந்தாள். சகாயமேரியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு எடுத்தவள். கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் தனியாகவே பேசினாள். எழுந்து அடுப்படிப் பக்கம் வந்தபோது, மேடைமேல் கிடந்த ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டாள்.

“என்னண்ணே, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர அடுப்புகிட்ட வச்சிருக்கீங்க?”

“சமையலுக்கு மார்க்குப் போட்டு வச்சிருக்கா. ஏ போட்டதாப் பாத்து ஆக்கிக் குடுக்குறேன் டீச்சர். ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. திங்கக்கிழம எட பாக்கணும்.”

பெர்சி நாலைந்து பக்கம் புரட்டினாள். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது மார்க் இல்லண்ணே.”

“பின்ன?”

“வருகை. வந்த பிள்ளைக்குக் காலையில ஒரு கோடு, மத்தியானம் குறுக்க ஒரு கோடு. ரெண்டும் சேந்தாப் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். வராத பிள்ளைக்குத்தான் ஏ. ஆப்சென்ட்.”

தனிஸ்லாசுக்குப் பிடிபடவில்லை. “கொழம்பு எங்க போயிரும்? அதுக்கு எதுக்கு ஆப்சென்ட்?”

பெர்சி பக்கத்தின் தலையில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தாள்.

அவர் அந்தப் பெயரைப் பார்த்தார். தன் பெயர்தான். பிறகு கீழே இறங்கி வந்தார். கருவாட்டுத் தொக்கு, பெருக்கல், தின்றோம். மட்டன் வறுவல், பெருக்கல், தின்றோம். பூசணிக்காய்ப் பால்கறி, ஏ. ‘என்னது இது, நோயாளி திங்கிறதா?’ என்று கேட்டது நினைவு வந்தது. கீரை மசியல், ஏ. ஸ்டூ, ஏ. அன்றைக்குச் சட்டையை மாட்டும்போது அவள் எதிரே தட்டோடு நின்றாள். பதினாலு வருசத்துத் தேதி. ஒரு பக்கத்துக்கு முப்பது வரி, அதில் பெருக்கல் ஒன்றிரண்டு, சில பக்கத்தில் அதுவும் இல்லை. இந்த நாலு நாளும் அவர் தள்ளிவிட்டுப் போனதையே ஒன்று ஒன்றாக ஆக்கி, பிசைந்து, அவள் வாயில் திணித்திருக்கிறார்.

“கை பழகிருச்சுல்ல” என்று பெர்சி மெதுவாகச் சொன்னாள். “கோவத்துல போட்டிருக்க மாட்டாண்ணே.”

“சரி. அவளுக்கு எது புடிக்கும்னு எங்க எழுதியிருக்கா?”

பெர்சி கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினாள். அவருக்காகத்தான் தேடினாள் என்று தெரிந்தது.

“அதுக்கு இதுல கட்டமில்லண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை அவர் கறி எடுக்கவில்லை. பூசணிக்காய்ப் பால்கறியைத் திரும்ப வைத்தார். இரண்டு கிண்ணம். ஒன்றை அவளுக்குக் குழைத்தார். மற்றதைத் தன் தட்டில் ஊற்றி, கட்டிலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் பார்க்கும்படி தின்றார். நிதானமாக, வழித்து, ஒரு பருக்கை விடாமல். நன்றாகவே இருந்தது.

“நல்லாயிருக்கு மேரி” என்றார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியாகும்வரை பார்த்தாள்.

“உனக்கு எது புடிக்கும்? தலைய மட்டும் ஆட்டு. ஒன்னொன்னா வாசிக்கிறேன்.”

அலமாரியில் ஒன்றாம் எண்ணிலிருந்து எடுத்தார். பண்டத்தின் பெயரை வாசிப்பது, அவள் முகத்தைப் பார்ப்பது, அடுத்ததை வாசிப்பது. எழுத்துக்கூட்டுகிற ஆள், ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது. முப்பத்திரண்டாம் புத்தகத்தோடு வெளியே வெயில் இறங்கிவிட்டது. ஒருதடவைகூடத் தலை ஆடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாளா, பேர்கள் விளங்கினவா, விளங்கியும் ஒன்றுமே பிடிக்காமல் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. நடுவில் தூங்கிப்போனாள். குழைத்த கிண்ணம் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை எடை முப்பத்தொன்பதரை. குழாய் போட்டுவிட்டார்கள். மூக்கோரத்தில் மடக்கி, கன்னம் வரைக்கும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. போடும்போது வேணாம், வேணாம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். நர்ஸ் அவரிடம், “அது சும்மா சொல்றதுதான சார்?” என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். குழாய் உணவு தயாரிக்கும் முறை. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துப் பொடித்து, கஞ்சி காய்ச்சி, இரண்டு தடவை வடிகட்டி, உப்பு கொஞ்சம், எண்ணெய் ஒரு தே.க. இந்தத் தடவை அவர் யாரிடமும் கேட்கவில்லை. காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, ஊசிக்குழலில் ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சகாயமேரியின் வாய்க்கு அதில் வேலையில்லை. மிச்சம் பாத்திரத்தில் ஒரு கரண்டி இருந்தது. நின்றபடியே குடித்தார். ருசி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. முழுவதையும் குடித்தார்.

பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து, காக்கி அட்டைக்குள் வைத்து, லேபிளில் அறுநூற்றுப் பதிமூன்று என்று எழுதி, வரிசைக் கடைசியில் செருகினார். ரிஜிஸ்டரைக் கட்டிலோரம் கொண்டுவந்து உட்கார்ந்தார். கஞ்சி. எண் அறுநூற்றுப் பதிமூன்று. பக்கம் ஒன்று. தேதி. கடைசிக் கட்டத்துக்கு வந்து, பென்சிலைச் சாய்த்து, முதல் கோட்டை இழுக்கப் போனார்.

“வேணாம்” என்றாள் சகாயமேரி.

டாக்டரம்மா சொன்னபடி அவர் முகத்தைப் பார்த்தார். பாதி முகத்தில் பிளாஸ்டர். மீதிப் பாதி எப்போதோ இழுத்துக்கொண்டது. எதையும் வாசிக்க முடியவில்லை.

பென்சிலை ரிஜிஸ்டருக்குள் வைத்து மூடினார். கட்டம் காலியாகவே கிடந்தது. அடுத்த கஞ்சிக்கு அரிசி வறுக்க எழுந்து போனார்.