திட்டு வாங்கப் போன கமால் பாய்

கமால் பாய் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது, என் கணினித் திரையில் அவருடைய இரண்டாவது புத்தகத்தின் பாதி அத்தியாயம் திறந்திருந்தது. அழுகை வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது. அவரைத் தெரிந்த உங்களுக்கு அது வியப்பாக இருக்காது.

சென்னையில் பெரிய மென்பொருள் நிறுவனத்தை நடத்தியவர். ஆனால் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாது. ஓய்வு பெற்று மரக்காணம் வந்தபின், நிர்வாகம் பற்றிக் கையால் எழுதி என் டி.டி.பி. கடைக்குக் கொண்டுவருவார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வரிகளுக்குத் தானே தலையாட்டுவார்.

மேற்பார்வை பற்றி எழுதும்போது உப்பளத்துக்குப் போய், உப்பு வாரிக்கொண்டிருந்த முனியம்மாளிடம் கேட்டாராம்: "நான் இங்கயே நின்னு பாத்துக்கினா வேலை நல்லா நடக்குமா?"

"நீங்க நின்னா உங்க நெழல்தான் விழும் பாய். மடையைத் தொறந்து வுட்டுட்டு அந்தாண்ட போங்க."

அதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பத்துப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, முனியம்மாளின் பெயரோடு அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டார்.

2005 கோடையில் 'கடினமான முடிவுகள்' என்ற அத்தியாயம் வந்தது. பன்னிரண்டு பேரை ஒரே மின்னஞ்சலில் வேலையைவிட்டு அனுப்பியதைத் திறமையாக முடித்த காரியம்போல எழுதியிருந்தார். அடித்து முடித்துவிட்டு, தயங்கித்தான் கேட்டேன்.

"பாய், அன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போயி என்னன்னு சொல்லியிருப்பாங்க?"

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் ஆள் வரவில்லை. நல்ல மனிதரைப் புண்படுத்திவிட்டோமே என்று எனக்கு உறுத்தல்.

நான்காம் வாரம் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. பழைய சகாக்களிடம் முகவரி வாங்கி, அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேரை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒருவர் கதவைச் சாத்திவிட்டாராம். சுந்தரி என்பவர் அரை மணி நேரம் நிற்க வைத்தே திட்டினாராம்.

"நல்லா திட்டினாங்கம்மா தனம். அப்புறம், 'உட்காருங்க சார், சாப்புடுங்க'ன்னுட்டாங்க. அல்லாஹ்மேல ஆணையா, அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்ல."

புதிய அத்தியாயம், "நான் செய்த தவறு இது" என்று தொடங்கியது. அதில் ஒரு வரி: "ஒருவருக்கு வலிக்கும் செய்தி இருந்தால், அவர் திட்டுவதற்கு வசதியான தூரத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்." மரக்காணத்தில் நடந்த வெளியீட்டு விழாவுக்குச் சுந்தரி குடும்பத்தோடு வந்தார். பாய் அந்தப் பக்கத்தை வாசித்தபோது முதலில் கை தட்டியது அவர்தான். பாய் புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டார். மீதியை நான் வாசித்தேன்.

போன வாரம் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்காரர் ஒருவரின் மகள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை குமரனைக் 'குமரி' என்று அச்சடித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறிப் போனேன். பெண்ணின் அப்பா கத்தித் தீர்த்தார். கல்யாணப் பெண் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவள் அப்பாவும் சிரித்துவிட்டார்.

கமால் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அப்படிப் பஸ் ஏறுகிற துணிச்சலைத்தான்.