ஓடைப் பாறையில் இருந்த பாசி

ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் அவரைக் ‘கறுப்புவெள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எடுக்கிற படமெல்லாம் கறுப்பு வெள்ளை என்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்துவதில்லை. அந்தப் பெயர் வந்தபோது அவரிடம் கேமராவே கிடையாது.

இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டுநர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனைக்குப் போனார். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து, வட்டத்துக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். அவருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அடுத்த பக்கமும் புள்ளிகள். அதற்கடுத்ததும் அப்படியே.

“தம்பி, சிவப்பும் பச்சையும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியுது. இத்தனை நாள் யாருமே சொல்லலையா?” என்றார் டாக்டர்.

யார் சொல்வார்கள்? எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ரயில் ஓட்டவிருந்தவரை மூட்டை நிறுக்கும் வேலையில் போட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக நிறுக்கிறார். எஞ்சின் சத்தம் கேட்டால் தலை நிமிராமல் இருக்கப் பழகிக்கொள்வதற்கே முதல் நாலைந்து வருஷம் போய்விட்டது.

பெண் பார்க்கப் போன இடத்தில் இதை ஒளிக்காமல் சொன்னார். “சட்டையை நான் எடுத்துத் தரேன். வேறென்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான் மனைவி. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே போர்வை மடிக்க வேண்டும். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருக்காது. டிவி தன் பாட்டுக்கு ஓடும்.

மைத்துனர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை இவருக்குக் கொடுத்தார். போன விடுமுறையில் கணவனும் மனைவியும் பஸ் பிடித்து மலையடிவாரத்து ஓடைக்குப் போனார்கள். அவள் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நாற்பது படம் எடுத்தார், நாற்பதும் கல். அதில் ஒன்று தேறும் போலத் தோன்றியது.

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில், வாராவாரம் ஞாயிறு காலையில் அந்த ஒரு படத்தையே சரிசெய்துகொண்டிருந்தார். வழக்கம்போல வண்ணத்தை ஒரே கிளிக்கில் நீக்கிவிட்டு, ஒரு பாறையைக் கறுப்பாக்குவார், இன்னொன்றைச் சற்று வெளுக்க வைப்பார். ஏழு வாரத்தில் பாறைகள் நிலக்கரி மாதிரியும் தண்ணீர் சோப்பு நுரை மாதிரியும் ஆகிவிட்டன. அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

ஈரத்துணி வாளியோடு போன மனைவி நின்றாள். “ஏங்க, இன்னுமா இந்தக் கல்லை உருட்டிட்டிருக்கீங்க?”

“என்னமோ குறையுது. என்னன்னுதான் பிடிபடலை.”

அவள் குனிந்து பார்த்தாள். “பாசி எங்கே?”

“எந்தப் பாசி?”

“நல்லாக் கேட்டீங்க. பாறை பூரா பச்சைப் பசேல்னு படர்ந்திருந்துச்சு. கால் வெச்சு விழப் பாத்தேனே!”

“பாறை என்ன கலர்?”

“இரும்பு துருப்பிடிச்சா இருக்குமே, அந்தக் கலர்.”

பாறையும் பாசியும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. அவர் கண்ணிலும் அன்று ஒன்றாகத்தான் கிடந்தன. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக வெளுக்கவும் கறுக்கவும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே வசதி உண்டு. சிவப்பு, பச்சை என்று பெயர் எழுதிய, திரையில் இழுத்து நகர்த்தும் அந்தப் பட்டைகளை அவர் இதுவரை தொட்டதேயில்லை. அவற்றைப் பார்த்தாலே கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

மனைவி வாளியை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் பழைய திருத்தங்களையெல்லாம் கழித்துவிட்டு மூலப் படத்தைத் திறந்தார்.

“பச்சையை வெளுக்க வைங்க. கொஞ்சம் கொஞ்சமா.”

அவர் பட்டையை நகர்த்தினார். பாறையின் மேல் ஏதோ வெளிறிக் கிளம்பியது. தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் திட்டுத் திட்டாக. ஒரு பிளவுக்குள் சின்னக் கொத்து. பிறகு சிவப்பைக் கறுக்க வைத்தார். பாசி பாறையைவிட்டு எழுந்து நின்றது.

அவர் கையை எடுத்துவிட்டார். “உனக்கு இப்படியா தெரிஞ்சுது?”

“எனக்குப் பச்சையாத் தெரிஞ்சுது. எங்க இருக்கு, எங்க இல்லைன்னா, ஆமா, இப்படித்தான்.”

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வெகுதூரம் நடந்து வந்த மாதிரி ஓர் அலுப்புதான் அவருக்கு முதலில் வந்தது. எதிரிலேயே கிடந்து கண்ணில் படாமல் போனவை எத்தனையோ. “அந்த டாக்டர் புத்தகத்தை இப்படிப் பண்ணியிருந்தா நம்பர் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

“தெரிஞ்சிருக்கும். சிக்னலுக்கு யார் வந்து பண்ணித் தருவாங்க?”

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கிடைக்காமல் போன அந்த வேலையைப் பற்றி அவர் சிரித்துப் பேசி அவள் கேட்டதில்லை.

இன்னும் மூன்று ஞாயிறு பிடித்தது. “அது பாசியில்லைங்க, நனைஞ்ச இலை” என்று அவள் காட்டுவாள், அவர் திருத்துவார். பாதியில் அவள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவள் விட்ட இடத்தில் அவரும் நிறுத்திவிடுவார்.

ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டவர், “கலர்லயே விட்டிருக்கலாமே சார்?” என்று கேட்டார். “எனக்கு இது போதுங்க” என்றார் இவர். படத்தைப் பார்சல் ஆபீஸில் தராசுக்கு மேலே மாட்டினார். பார்சல் எடுக்க வந்த ரயில் ஓட்டுநர் ஒருவர் ரசீதை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கால் வெச்சா வழுக்கும் போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க மூட்டை நிறுக்கிற அலுப்பே இவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வேறொரு படத்தைத் திறந்துவைத்து மனைவியைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு என்னை விட்டுடுங்க. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.”

அவருக்கும் அப்படித்தான் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். சாயங்காலம் நாலு மணிவரை இருவரும் எழுந்திருக்கவில்லை.